இறக்கிய ஹோண்டா சிட்டி, பெரிய வீல்: எங்கே உரசுகிறது, ஏன் ஆடுகிறது

15 அங்குல வீலைக் கழற்றிவிட்டு 17 அங்குல அலாய் மாட்டியதும் ஒரு குறை கண்ணில் படும். டயருக்கும் மட்கார்டு விளிம்புக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி முன்பைவிடப் பெரிதாகத் தெரியும். உடனே ஸ்பிரிங்கையும் மாற்றி வண்டியை இறக்கிவிடுகிறோம். இரண்டு வேலையும் அடுத்தடுத்து முடிந்துவிடுவதால், பிறகு வரும் ஒவ்வொரு சத்தத்துக்கும் பழி ஸ்பிரிங் மேல்தான் விழும். பெரும்பாலும் அது தவறான பழி. வீலின் ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டிலிருந்து அது வண்டியில் ஒட்டும் முகம் எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்ற அளவு), நட்டின் வடிவம், சஸ்பென்ஷன் போல்ட்டை முறுக்கியபோது வண்டி தொங்கிக்கொண்டிருந்ததா தரையில் நின்றதா, இந்த மூன்றில்தான் பாதித் தொல்லை ஒளிந்திருக்கும்.

அதனால் முதலில் ஒரு வேண்டுகோள்: பழைய வீல்களை விற்றுவிடாதீர்கள். கீழே வரும் எந்தத் தொல்லைக்கும் முதல் சோதனை, பழைய வீலை மாட்டி அதே சாலையில் ஒரு சுற்று போய் வருவதுதான். தொல்லை போய்விட்டால் காரணம் வீல் அல்லது டயர். போகவில்லை என்றால் சஸ்பென்ஷனைப் பாருங்கள். ஒரு மணி நேர வேலை, செலவு எதுவும் இல்லை. இதைச் செய்யாமல் கடை கடையாக அலைபவர்கள்தான் அதிகம்.

உதாரணத்துக்கு 2014-ல் இங்கே வந்த நான்காம் தலைமுறை ஹோண்டா சிட்டியை எடுத்துக்கொள்கிறேன். முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக இருக்கும்), பின்னால் டார்ஷன் பீம் (இரு பின் வீலையும் இணைக்கும் ஒரே குறுக்குச் சட்டம்). வென்டோ, வெர்னா, சியாஸ் எல்லாவற்றிலும் அமைப்பு இதேதான், அளவுகள் மட்டும் மாறும். சிட்டிக்கு 4 நட்டு, 100 மி.மீ. பி.சி.டி. (நட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம்), நடுத்துளை 56.1 மி.மீ., நட்டு எம்12×1.5. கம்பெனி டயர் 175/65 ஆர்15, அதாவது அகலம் 175 மி.மீ., பக்கச் சுவர் அதில் 65 சதவீதம், வீல் 15 அங்குலம். அதன் விட்டம் சுமார் 608 மி.மீ. 17 அங்குலத்துக்குப் பொருந்தும் 205/45 ஆர்17 டயரின் விட்டம் 616 மி.மீ. வித்தியாசம் ஒன்றேகால் சதவீதம்தான், பிரச்சினை இல்லை. 205/50 ஆர்17 போட்டால் 637 மி.மீ. ஆகிவிடும். கடையில் "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்பார்கள். இறக்கிய வண்டியில் அந்த 20 மி.மீ. பெரிய வித்தியாசம்.

வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு வீலின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதி வையுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் டயர் அளவும் கணக்கைக் குழப்பும். நான்கு எண்கள் போதும். வேலை முடிந்த அன்று ஒரு முறையும், 500 கி.மீ. ஓடியபின் ஒரு முறையும் அளந்தால், ஸ்பிரிங் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது அப்போதுதான் சரியாகத் தெரியும்.

ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் உரசுகிறது

முதலில் மட்கார்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் லைனரைப் பாருங்கள். ஸ்பிரிங் மாற்றும்போது லைனரின் கிளிப்புகளைக் கழற்றியிருப்பார்கள், திரும்பப் போடும்போது இரண்டு உடைந்திருக்கும். தொங்கும் லைனர் டயரில் பட்டு 'சர்ர்' என்று இழுக்கும். புதுக் கிளிப் போட்டால் முடிந்தது.

லைனர் ஒழுங்காக இருந்தும் உரசினால், டயரின் எந்த ஓரம் உரசுகிறது என்று பாருங்கள். டயரின் இரு தோள்களிலும் சாக்பீஸால் தடிமனாகப் பூசிவிட்டு, மெதுவாக இடமும் வலமும் ஒடித்து ஓட்டி வந்தால் எங்கே அழிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். உள் ஓரம் அழிந்தால் வீல் வண்டிக்குள் அதிகம் போயிருக்கிறது. வெளி ஓரம் அழிந்து, பம்பர் முனையில் கோடு விழுந்திருந்தால் வீல் வெளியே அதிகம் வந்திருக்கிறது.

இதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது, வீல் வாங்கும் முன்பே போட்டிருக்க வேண்டியது. பழைய வீல் அகலம் 5.5 அங்குலம், ஆஃப்செட் 45 என்று வைத்துக்கொள்வோம். புதியது 7 அங்குலம், ஆஃப்செட் 38. அகலம் 1.5 அங்குலம் கூடியிருக்கிறது, அதில் பாதி, அதாவது 19 மி.மீ., இரு பக்கமும் வளரும். ஆஃப்செட் 7 குறைந்ததால் வீல் முழுவதும் 7 மி.மீ. வெளியே தள்ளப்படும். ஆக வெளிப்பக்கம் 26 மி.மீ. வெளியே, உள்பக்கம் 12 மி.மீ. உள்ளே. உங்கள் வீலின் எண்களைப் போட்டுப் பாருங்கள். அகலமும் ஆஃப்செட்டும் பெரும்பாலான அலாய்களில் ஸ்போக்கின் பின்புறம் அச்சாகியிருக்கும்.

உள்பக்கம் இடிப்பது பெரும்பாலும் ஸ்ட்ரட்டின் உடம்பில், அல்லது ஸ்பிரிங் உட்காரும் தட்டின் விளிம்பில். டயருக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவில் ஒரு பென்சில் தாராளமாக நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் வீலுக்குப் பின்னால் 5 மி.மீ. ஸ்பேசர் தட்டு போடலாம் என்பார்கள். போடலாம், ஆனால் நட்டு எத்தனை சுற்று ஏறுகிறது என்று கையால் திருகி எண்ணுங்கள். எம்12×1.5 நட்டு குறைந்தது எட்டு சுற்று ஏற வேண்டும். ஐந்தாறு சுற்றில் நின்றால் அந்த ஸ்பேசரைத் தூக்கிப் போடுங்கள், அல்லது நட்டு ஏறும் தண்டை (ஸ்டட்) நீளமானதாக மாற்றுங்கள். இதில் சமரசமே கிடையாது.

வெளிப்பக்கம் இடிப்பதற்கு நல்ல மருந்து டயர் அகலத்தைக் குறைப்பது. லைனரைச் சூடாக்கிப் பின்னால் தள்ளுவதும் ஓரளவு உதவும். முழு ஒடிப்பில், அதுவும் பார்க்கிங் வேகத்தில் மட்டும் லேசாகத் தொடுகிறது என்றால் நான் அதற்காக வீல் மாற்றச் சொல்லமாட்டேன். ஓடும்போது வளைவில் உரசினால் கட்டாயம் சரிசெய்ய வேண்டும்.

பின் சீட்டில் மூன்று பேர் ஏறினால் பின்னால் உரசுகிறது

தனியாக ஓட்டும்போது ஒன்றும் இருக்காது. குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பினால், டிக்கியில் இரண்டு பெட்டி, பின்னால் மூன்று பேர், முதல் மேம்பாலத் தொடக்கத்திலேயே 'கர்ர்' என்று வரும். முன் வீல் மேலே ஏறும்போது ஸ்ட்ரட் அமைப்பு அதன் தலையைக் கொஞ்சம் உள்ளே சாய்த்துக்கொள்ளும், அதனால் மட்கார்டு விளிம்பில் இருந்து தப்பிக்கும். டார்ஷன் பீமில் அந்தச் சாய்வு மிகக் குறைவு. டயர் ஏறக்குறைய நேராகவே மேலே போகும். வீல் 26 மி.மீ. வெளியே வந்திருந்தால் விளிம்பில்தான் போய் முட்டும்.

ஆள்களை ஏற்றி ஏற்றிச் சோதிக்க வேண்டாம். சிட்டியில் பின் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் தனித்தனி. பாடியை ஜாக் ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்தி, இரு பின் ஸ்பிரிங்குகளையும் எடுத்துவிட்டு, வீலை மாட்டி, பீமை ஜாக்கியால் மெதுவாக மேலே ஏற்றுங்கள். பம்ப் ஸ்டாப் (வீல் ஓரளவுக்கு மேல் ஏறாமல் தடுக்கும் ரப்பர்) தொட்டு லேசாக அமுங்கும் வரை ஏற்றியபின் டயருக்கும் விளிம்புக்கும் இடையே எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். பிறகு ஒரு பக்கத்தை மட்டும் உயர்த்திப் பாருங்கள், ஏனென்றால் சாலையில் பள்ளம் ஒரு பக்கம்தான் வரும். ஸ்பிரிங் இல்லாத இந்த நிலையில் வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள்.

சரிசெய்யும் வரிசை என் கணக்கில் இப்படி: 205-லிருந்து 195 டயருக்கு இறங்குவது முதலாவது. அது முடியாவிட்டால் பம்ப் ஸ்டாப்பின் கீழே ஒரு பேக்கர் துண்டு வைத்து வீல் மேலே ஏறும் தூரத்தைக் குறைப்பது. இதில் சவாரி கொஞ்சம் முரடாகும், பரவாயில்லை. மட்கார்டு உள் விளிம்பை ரோலர் வைத்து மடக்குவது கடைசி. அதற்கு ஹீட் கன் வைத்துப் பெயின்ட்டை நன்றாகச் சூடாக்க வேண்டும். குளிர்ந்த தகரத்தை மடக்கினால் பெயின்ட் வெடிக்கும், வெடித்த இடத்தில் துரு ஏறும். சென்னை, தூத்துக்குடி மாதிரி உப்புக்காற்று ஊர்களில் ஒரே மழைக்காலத்தில் விளிம்பு முழுக்கப் பரவிவிடும். மடக்கிய உடனே சீலர் பூசச் சொல்லுங்கள்.

வேகத்தடையில் 'டம்' என்று இடிக்கிறது

ஏறும்போது இடிக்கிறதா, இறங்கும்போதா? இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

ஏறும்போதோ, இறங்கி முன்பக்கம் அமுங்கும்போதோ வரும் மொத்தையான 'டம்' என்பது பம்ப் ஸ்டாப்பில் போய் உட்காரும் சத்தம். 35 மி.மீ. இறக்கினால் வீல் மேலே போக இருந்த இடத்தில் 35 மி.மீ. போய்விட்டது. நல்ல லோயரிங் ஸ்பிரிங் அதை ஈடுகட்டத்தான் கொஞ்சம் கடினமாகச் செய்யப்படுகிறது. உறுதிசெய்ய, ஷாக் அப்சார்பர் கம்பியில் ஒரு கேபிள் டையை இறுக்கமாகக் கட்டிக் கீழே தள்ளி வையுங்கள். வழக்கமான சாலையில் ஓட்டி வந்தபின் அது மேலே எங்கே தள்ளப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பம்ப் ஸ்டாப்புக்குள்ளேயே போய் நசுங்கியிருந்தால் தினமும் அடிக்கிறீர்கள் என்று அர்த்தம். பின்பக்கம் கம்பி தெளிவாகத் தெரியும், முன்பக்கம் தூசி உறையைத் தூக்கிவிட்டுத்தான் கட்ட வேண்டும்.

ஸ்பிரிங் தயாரிப்பாளர் பம்ப் ஸ்டாப்பை இத்தனை மி.மீ. வெட்டு என்று சொல்லியிருந்தால் வெட்டுங்கள். சொல்லாவிட்டால் வெட்டக்கூடாது. முழுதாக எடுத்துவிடும் கடைகளும் இருக்கின்றன. அப்போது இரும்பும் இரும்பும் மோதும், ஷாக் அப்சார்பரின் உள் வால்வு உடையும், அடுத்து எண்ணெய் கசியும்.

இறங்கியபின், வீல் தொங்கும் கணத்தில் 'டக்' என்று உலோகச் சத்தம் வந்தால் அது வேறு. ஸ்பிரிங் குட்டையாகிவிட்டது, ஷாக் அப்சார்பர் பழைய நீளம். முழுதாக விரியும்போது ஸ்பிரிங் இருக்கையை விட்டு எழும்பி மறுபடி உட்காருகிறது. வண்டியை ஜாக்கியில் தூக்கி வீலைத் தொங்கவிட்டு ஸ்பிரிங்கைக் கையால் சுழற்றிப் பாருங்கள். சுழன்றால் ஓட்டாதீர்கள். குட்டை ஷாக் அப்சார்பர் போட வேண்டும், அல்லது முழு விரிப்பிலும் இருக்கையில் இறுக்கமாக நிற்கும் ஸ்பிரிங் வேண்டும்.

ஸ்பிரிங்கை வெட்டியவர்களுக்கு இந்த 'டக்' அடிக்கடி வரும். "ஒரு சுத்து அறுத்தா போதும்ணே" என்று மலிவாக முடித்துக் கொடுக்கிறார்கள். ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை அறுத்தால் மிச்சம் 20 சதவீதம் கடினமாகும், அதுவரைக்கும் சரி. ஆனால் இருக்கையில் பொருந்துவதற்காக வளைத்துச் செய்திருந்த முனை போய்விடும். வெட்டின இடம் தட்டில் குத்திக்கொண்டு நிற்கும். கேஸ் வெல்டிங் நெருப்பால் சூடாக்கி இறக்குவது அதைவிட மோசம், அந்த இடத்தில் எஃகின் பதமே போய்விடும். பிறகு என்றாவது ஒரு நாள் அங்கேதான் உடையும். இந்த இரண்டு வகை ஸ்பிரிங் உங்கள் வண்டியில் இருந்தால் மேற்கொண்டு எந்தத் தொல்லையையும் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், அதை மாற்றிவிட்டு மறுபடி முதலிலிருந்து வாருங்கள்.

நம் ஊரில் மட்டும் பார்க்கும் இன்னொரு வேடிக்கை: இறக்கிவிட்டு, இடிக்கிறது என்று ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் பஃபர் சொருகுவது. அந்த பஃபர் ஒரு சுற்றை வேலை செய்யவிடாமல் பூட்டும், பக்கத்துச் சுற்று எல்லா பாரத்தையும் வாங்கும். இறக்கியதையே ரப்பர் வைத்து ஏற்றுவதற்கு, இறக்காமலே இருந்திருக்கலாம்.

இடிக்காமல், வேகத்தடை தாண்டியபின் வண்டி இரண்டு மூன்று முறை தொட்டில் மாதிரி ஆடினால் ஷாக் அப்சார்பர் தளர்ந்துவிட்டது. 60,000 கி.மீ. ஓடிய பழைய ஷாக் அப்சார்பரில் புதுக் கடின ஸ்பிரிங் போட்டால் இதுதான் நடக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்றத் திட்டமிடுங்கள்.

அடிவயிறு தட்டுகிறது

சிட்டியின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 165 மி.மீ. 35 இறக்கினால் 130, டயர் விட்டம் கூடியதில் 4 மி.மீ. திரும்பக் கிடைக்கும். ஆள் ஏறினால் இன்னும் குறையும்.

இந்திய சாலைக் காங்கிரஸின் தரப்படி வட்ட வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரம். சிட்டியின் முன் வீலுக்கும் பின் வீலுக்கும் இடையே 2.6 மீட்டர். அதாவது நடுவில் நிற்கும்போது நான்கு வீலும் அந்த மேட்டின் மேலேயே இருக்கும். கணக்குப் போட்டால் வயிற்றுக்கு அடியில் மேடு எடுத்துக்கொள்வது சுமார் 5 செ.மீ. மட்டும். தரப்படி கட்டியிருந்தால் இறக்கிய வண்டியும் கவலையில்லாமல் தாண்டும். தெருவில் இரவோடு இரவாகத் தார் கொட்டிக் குவித்த ஒரு முழ அகல மேடுதான் வில்லன். அதன் முழு உயரமும் இரு வீல்களுக்கு நடுவே வந்து நிற்கும். உங்கள் தெருவில் அப்படி ஒன்று இருந்தால் 25 மி.மீ.-க்கு மேல் இறக்காதீர்கள், அவ்வளவுதான். குறுக்காக ஏற்றினால் ஒரு நேரத்தில் ஒரு வீல்தான் ஏறும், வயிறு தப்பிக்க வாய்ப்பு உண்டு.

தட்டியது எது என்று அடியில் படுத்துப் பாருங்கள். சைலன்சர் பைப் என்றால் அதைத் தொங்கவிடும் ரப்பர்கள் தளர்ந்திருக்கலாம், மலிவான வேலை. இன்ஜின் ஆயில் சம்ப் என்றால் கவசத் தகடு இல்லாமல் ஓட்டாதீர்கள்.

சின்னச் சின்ன மேடு பள்ளத்தில் 'கட கட'

பழைய வீல் போட்டாலும் இருக்கும். முதல் சந்தேகம் ஸ்டெபிலைசர் லிங்க் ராட், அதாவது வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் கம்பியை இணைக்கும் சின்னத் தண்டு. வண்டி இறங்கியதால் அதன் கோணம் மாறும், பழைய பால் ஜாயின்ட் தேய்ந்திருந்தால் ஆட்டம் தெரியும். கையால் பிடித்து ஆட்டினாலே தெரிந்துவிடும். லிங்க் ராடை ஒரு பக்கம் கழற்றிக் கட்டிவிட்டு மெதுவாக ஓட்டிப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது 'டொய்ங்' என்று ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு துள்ளினால் ஸ்ட்ரட் மேலே உள்ள பேரிங் போய்விட்டது, அல்லது தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள். ஸ்ட்ரட் கழற்றிய கையோடு மவுன்ட்டையும் பேரிங்கையும் புதிதாகப் போட்டிருந்தால் இந்த வேலை மிச்சம். மேலே நடு நட்டு இறுகாமல் இருந்தாலும் இதே 'கட கட' வரும், ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

80-லிருந்து 100 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் அதிர்கிறது

பேலன்சிங் செய்தாயிற்று, இரண்டு கடையில் செய்தாயிற்று, இன்னும் அதிர்கிறது. இங்கே சஸ்பென்ஷனை யாரும் தொட வேண்டாம். வீல் ஹப்பில், அதாவது அது மாட்டப்படும் அச்சுத் தலையில், எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

வெளியில் விற்கும் அலாய்களில் நடுத்துளை பல வண்டிகளுக்கும் பொருந்தட்டும் என்று பெரிதாக, பெரும்பாலும் 73.1 மி.மீ. என்று, விட்டிருப்பார்கள். சிட்டியின் ஹப் 56.1. நடுவில் உள்ள இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் வேண்டும், 73.1 வெளி, 56.1 உள். கடைக்காரர் அதைக் கொடுக்காமலே விட்டிருக்கலாம், அல்லது பஞ்சர் கடையில் கழற்றியபோது எங்கேயோ போயிருக்கலாம். வளையம் இல்லாமல் வீல் நட்டை மட்டும் நம்பித் தன் மையத்தைத் தேடும். வண்டி எடை வீல் மேல் இருக்கும்போதே நட்டு முறுக்கும் துப்பாக்கியால் இறுக்கினால் ஒரு மயிரிழை விலகி நிற்கும், அந்த மயிரிழை 90-ல் கைக்குத் தெரியும்.

அடுத்தது நட்டு. ஹோண்டாவின் சொந்த நட்டின் அடிப்பகுதி உருண்டையாக இருக்கும், கம்பெனி வீலின் குழியும் உருண்டை. வெளி அலாய்களில் பெரும்பாலும் 60 டிகிரிக் கூம்புக் குழி. உருண்டை நட்டைக் கூம்புக் குழியில் போட்டால் ஒரு மெல்லிய கோட்டில் மட்டும் தொடும். இறுகியது மாதிரி இருக்கும், இரண்டு வாரத்தில் தளரும். நட்டைக் கழற்றி அதன் முகத்தைப் பாருங்கள்: பளபளப்பு ஒரு கோடாக மட்டும் இருந்தால் தப்பான நட்டு, பட்டையாக இருந்தால் சரி. திரும்பப் பழைய வீல் போடும்போது பழைய நட்டையே போடுங்கள், ஸ்டெப்னிக்கும் அப்படித்தான். டிக்கியில் ஒரு பையில் நான்கு பழைய நட்டு வைத்திருங்கள்.

மாட்டும் முறை: வீலைத் தொங்கவிட்ட நிலையில் நான்கு நட்டையும் கையால் குறுக்கும் நெடுக்குமாக ஏற்றி, பாதி இறுக்கி, பிறகு தரையில் இறக்கி டார்க் ரெஞ்சில் 108 நியூட்டன் மீட்டர். 100 கி.மீ. ஓடியபின் இன்னொரு முறை சரிபாருங்கள்.

இரண்டும் சரியாக இருந்தால் ரிம் வளைந்திருக்கிறதா பாருங்கள். 175/65 டயரின் பக்கச் சுவர் 114 மி.மீ. உயரம், 205/45-க்கு 92 தான். பள்ளத்தில் விழும்போது ரிம்முக்குக் காப்பு 22 மி.மீ. குறைந்துவிட்டது. பேலன்சிங் மெஷினில் சுற்றும்போது உள் விளிம்பைப் பாருங்கள், ரிம் பெரும்பாலும் அங்கேதான் வளையும், வெளியே நின்று பார்த்தால் தெரியாது. டயர் வாங்கும்போது லோடு இன்டெக்ஸ் (தாங்கும் எடைக்கான எண்) 84-க்குக் குறையாமல் பாருங்கள், அது டயருக்கு 500 கிலோ. 88 எக்ஸ்.எல். (கூடுதல் பாரம் தாங்கும் வகை) கிடைத்தால் நல்லது, ஆனால் கதவு ஸ்டிக்கரில் உள்ளதைவிட இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. கூட வேண்டும்.

பிரேக் அடிக்கும்போது மட்டும் அதிர்ந்தால் மேலே சொன்ன எதுவும் இல்லை, டிஸ்க்கைப் பாருங்கள்.

முன் டயரின் உள் ஓரம் மட்டும் தேய்கிறது

இறக்கினால் கேம்பர் (முன்னாலிருந்து பார்க்கும்போது வீலின் சாய்வு) உள்ளே சாயும், அதனால் தேய்கிறது என்பார்கள். பாதி உண்மை. 30 மி.மீ. சுற்றி இறக்கிய சிட்டியில் முன் கேம்பர் ஒரு டிகிரி அளவுக்கு நெகடிவ் ஆகலாம். அந்த ஒரு டிகிரி மட்டும் டயரைத் தின்றுவிடாது. தின்பது டோ, அதாவது மேலிருந்து பார்க்கும்போது வீல் நேராக நிற்காமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்பது. வண்டி இறங்கும்போது ஸ்டியரிங்கை வீலோடு இணைக்கும் டை ராடின் கோணம் மாறி டோவும் மாறிவிடும், அதைச் சரிசெய்யாமல் ஓட்டுகிறார்கள்.

எவ்வளவு தின்னும்? ஒரு வீல் 0.2 டிகிரி திரும்பி நின்றால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அது மூன்றரை மீட்டர் பக்கவாட்டில் இழுபடும். பத்தாயிரம் கிலோமீட்டரில் 35 கி.மீ. தூரம் டயரை அரத்தில் தேய்த்த கணக்கு. கையை டயர் பட்டையின் மேல் குறுக்காகத் தடவிப் பாருங்கள். உள்ளே போகும்போது வழவழவென்றும் வெளியே வரும்போது சுரசுரவென்றும், அல்லது அதற்கு நேர்மாறாக, இருந்தால் டோ. வழவழப்பாகவே ஓரம் மட்டும் சாய்வாகத் தேய்ந்திருந்தால் கேம்பர்.

ஸ்பிரிங் மாற்றிய அன்றே ஒரு அலைன்மென்ட், 500 கி.மீ. ஓடி ஸ்பிரிங் உட்கார்ந்தபின் இன்னொன்று. முதலாவது டயரைக் காப்பாற்ற, இரண்டாவதுதான் உண்மையானது. முன்பும் பின்பும் எடுத்த அளவுத் தாளை அச்சிட்டு வாங்குங்கள், தராத கடைக்குப் போகாதீர்கள். கேம்பர் ஒன்றரை டிகிரியைத் தாண்டினால், ஸ்ட்ரட்டும் நக்கிளும் (ஹப்பைத் தாங்கும் பாகம்) சேரும் இரண்டு போல்ட்டில் ஒன்றுக்குப் பதில் கேம்பர் போல்ட் போட்டுத் திருத்தலாம். பின்பக்கம் தாளில் சிவப்பாக வந்தால் முறுக்க அங்கே எதுவும் இல்லை, டார்ஷன் பீமில் ஹப்புக்கும் பீமுக்கும் நடுவே ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்துத்தான் திருத்த வேண்டும். இறக்கியதால் மட்டும் பின்பக்கம் பெரிதாக மாறாது. மாறியிருந்தால் பீம் எப்போதோ அடிபட்டிருக்கிறது.

சாலையின் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங் தானாகத் திரும்புகிறது

லாரிகள் அழுத்திப் பள்ளமாக்கிய தடத்தில் போகும்போது மட்டும் இப்படி என்றால், அது அகலமான, பக்கச் சுவர் குட்டையான டயரின் குணம். ஆஃப்செட் குறைந்து வீல் வெளியே வந்திருந்தால் குணம் இன்னும் முற்றும், ஏனென்றால் சாலை வீலைப் பிடித்துத் திருப்பும் நெம்புகோலின் நீளம் கூடிவிட்டது. அலைன்மென்ட்டில் டோ சரியாக இருந்தால் ஓரளவு அடங்கும், முழுதாகப் போகாது. சமதளத்தில் ஒரே பக்கம் இழுத்தால் முன் டயர்களை இடம் மாற்றிப் பாருங்கள். ஒரு திசைக்கென்று அம்புக்குறி போட்ட டயர் என்றால் முன்னும் பின்னும் மாற்றுங்கள். இழுக்கும் பக்கம் மாறினாலோ இழுப்பு நின்றாலோ டயர்.

ஒரு மூலை மட்டும் உயரமாக நிற்கிறது

5 மி.மீ. வித்தியாசத்தைக் கண்டுகொள்ள வேண்டாம். 10-க்கு மேல் என்றால் ஸ்பிரிங் முனை இருக்கையின் படியில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, பின்பக்க ரப்பர் இருக்கை இரு பக்கமும் இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் உயரமாக இருந்தால் புஷ். வீலைக் கீழிருந்து பாடியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் புஷ்ஷில் உள்ள ரப்பர் உள் குழாயோடும் வெளி வளையத்தோடும் ஒட்டியது, அது சுழலாது, முறுகும். வீல் தொங்கும்போது போல்ட்டை முறுக்கியிருந்தால், வண்டி தரையில் நிற்கும்போது ரப்பர் எப்போதும் முறுகிய நிலையில் இருக்கும். அந்த முறுக்கே இன்னொரு ஸ்பிரிங் மாதிரி வண்டியைத் தூக்கிப் பிடிக்கும். சில மாதத்தில் ரப்பர் கிழியும், உயரம் தானாகச் சரியாகும், ஆனால் 'கட கட' ஆரம்பிக்கும். இப்போதே ராம்ப்பில் நிறுத்தி, வண்டியின் எடை வீலில் இருக்கும்போது ஆர்ம் போல்ட்டையும் பின் பீம் போல்ட்டையும் தளர்த்தி, வண்டியை நான்கு முறை அமுக்கிவிட்டு மறுபடி முறுக்கச் சொல்லுங்கள். மெக்கானிக் முகம் சுளித்தாலும் விடாதீர்கள்.

மற்றவை

ஏ.பி.எஸ். விளக்கு எரிந்தால் சென்சார் ஒயரை ஸ்ட்ரட்டில் பிடித்திருக்கும் கிளிப்பைத் திரும்பப் போடவில்லை, ஒயர் இழுபட்டிருக்கும் அல்லது டயரில் உரசியிருக்கும். ஸ்பீடோமீட்டர் 205/45-ல் ஒன்றேகால் சதவீதம் குறைத்துக் காட்டும். பொதுவாக மீட்டர் கொஞ்சம் கூட்டியே காட்டுவதால் கவலை இல்லை. எதிரே வருபவர்கள் டிம் அடிக்கச் சொன்னால் பின்பக்கம் முன்பக்கத்தைவிட அதிகம் இறங்கியிருக்கிறது, ஹெட்லைட்டைக் கீழே திருத்துங்கள்.

எல்லாம் சரியாக ஓடும் வண்டியை ஆர்.டி.ஓ. நிறுத்தினால்? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்திருக்கிறது. மட்கார்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் வீல்தான் முதலில் கண்ணில் படும். 2017-க்குப் பிந்தைய சிட்டியின் மேல் ரகங்களுக்குக் கம்பெனியே 185/55 ஆர்16 கொடுத்தது. விட்டம் 610 மி.மீ., பழைய டயருக்கு ஏறக்குறைய சமம், எங்கேயும் உரசாது, வீல் விஷயத்தில் கேள்வியும் குறைவு. இன்னும் வீல் வாங்காமல் இதைப் படிப்பவர்கள் அந்த 16-ஐ விலை விசாரித்துவிட்டு 17-ஐப் பற்றி யோசிக்கலாம். வாங்கிவிட்டவர்கள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள், விபத்துக்குப் பிறகு தெரிவித்தால் யாரும் காதில் வாங்கமாட்டார்கள்.